மதுரை டூ டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு

கனடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அம்மாவையும் அப்பாவையும் அனுப்பிவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, மதுரையிலிருந்து டொராண்டோ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று தேடினேன். ஒரு இடத்தில் 16 மணி நேரம் என்று போட்டிருந்தது, இன்னொரு இடத்தில் 24. டிக்கெட் ஏஜென்ட் நீட்டிய தாளில் 38. மூன்றுமே பொய் இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தைச் சொல்கிறது. இது புரியவே எனக்கு நிறைய நாள் பிடித்தது. முதல்முறை போகிறவர்களுக்கும், பெற்றோரைத் தனியாக அனுப்புகிறவர்களுக்கும் அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். லண்டன், சான் பிரான்சிஸ்கோ போகிறவர்களும் தூரம், நேரம், விசா, அந்த நாட்டு விதிகள் ஆகியவற்றை மாற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் பொதுவாகப் பொருந்தும்.

1. தூரம்: எந்த எண் உங்களுடையது?

மதுரையிலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 13,650 கிலோமீட்டர். நேர்கோடு என்றால் உருண்டையான பூமியின் மேல் போகும் மிகக் குறுகிய கோடு. சுவரில் மாட்டும் வரைபடத்தில் மேற்கே அரபிக்கடல் தாண்டிப் போவது போலத் தெரியும். உண்மையில் அந்தக் கோடு மதுரையிலிருந்து வடக்கே ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடல் வழியாகக் கனடாவுக்குள் இறங்குகிறது.

அந்தக் கோட்டில் பறக்கும் விமானம் எதுவும் மதுரையில் கிடையாது. தூரத்தை விமான வேகத்தால் வகுத்துத்தான் அந்த 16 மணி நேரக் கணக்கு வருகிறது. அதை மறந்துவிடுங்கள். உங்கள் தூரம் என்பது நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு துண்டின் கூட்டுத்தொகை:

சென்னை, துபாய் வழியாக: 420 + 2,930 + 11,080. மொத்தம் ஏறக்குறைய 14,430 கிலோமீட்டர்.
சென்னை, லண்டன் வழியாக: 420 + 8,230 + 5,710. ஏறக்குறைய 14,360.
சென்னை, பிராங்பர்ட் வழியாக: 420 + 7,590 + 6,340. ஏறக்குறைய 14,350.
சென்னை, டெல்லி வழியாக: 420 + 1,760 + 11,640. ஏறக்குறைய 13,820.

மிக நீண்ட வழிக்கும் மிகக் குறுகிய வழிக்கும் வித்தியாசம் 600 கிலோமீட்டர். விமானத்துக்கு அது முக்கால் மணி நேரம். "இந்த ரூட் சுத்து, அந்த ரூட் நேர்" என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

2. நேரம்: வானத்தில் எவ்வளவு, நாற்காலியில் எவ்வளவு?

பறக்கும் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. துண்டின் தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்று இருப்பதால் இன்னும் அரை மணி முதல் ஒரு மணி வரை கூடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், நேரம் குறையும்.

வான்வெளித் தடைகளும் உண்டு. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய, கனடிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பழைய பயணக் குறிப்புகளில் உள்ள நேரங்களை அப்படியே நம்பாமல், உங்கள் தேதிக்கு நிறுவனம் காட்டும் நேரத்தைப் பாருங்கள்.

இப்படிக் கூட்டிப் பார்த்தால் நான்கு வழியிலும் வானத்தில் இருக்கும் நேரம் 19 முதல் 20 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் காத்திருப்பு. 24 மணி நேரப் பயணத்தையும் 38 மணி நேரப் பயணத்தையும் பிரிப்பது சென்னையிலும் நடுவழி ஊரிலும் நீங்கள் உட்காரும் நாற்காலிதான். டிக்கெட் பார்க்கும்போது முதலில் படிக்க வேண்டியது அந்த இடைவெளிகளை.

அடுத்தது கடிகாரம். டொராண்டோ நமக்குப் பின்னால் இருக்கிறது: குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே நகர்த்தி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். மதுரையில் திங்கள் மாலை 6.30-க்குப் புறப்பாடு, டொராண்டோவில் செவ்வாய் மாலை 4.00-க்கு இறக்கம் என்று போட்டிருந்தால் பார்ப்பதற்கு இருபத்தொன்றரை மணி நேரம் போல இருக்கும். ஜனவரி என்றால் பத்தரையைக் கூட்டுங்கள், 32 மணி நேரம். ஜூலை என்றால் 31.

அதோடும் முடியவில்லை. அவனியாபுரம் தாண்டி விமான நிலையத்துக்குக் கிளம்புவது, இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்பது, அங்கே இறங்கிய பிறகு குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசை, பெட்டி, வீடு வரை கார். இதற்கெல்லாம் ஐந்து ஆறு மணி நேரம் தனியாகச் சேர்த்துக்கொண்டால்தான் அப்பாவின் சுகர் மாத்திரைக் கணக்கு சரியாக வரும்.

3. எந்த வழி?

துபாய் வழியில் விசாத் தொல்லை குறைவு. கடைகளிலும் கேட்டிலும் தமிழோ மலையாளமோ பேசுகிற ஒருவர் அகப்பட்டுவிடுவார். ஆனால் துபாயிலிருந்து டொராண்டோ ஒரே மூச்சில் 14 மணி நேரம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அது பெரிய சோதனை.

ஐரோப்பா வழியில் பயணம் பத்து மணி, எட்டு மணி என்று இரண்டாகப் பிரிகிறது. கால் நீட்ட வசதி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா (நடுவழியில் விமானம் மாறுவதற்கான விசா) கேட்கும் நாடுகள் அங்கே உண்டு. செல்லுபடியாகும் கனடா விசா கையில் இருந்தால் பொதுவாக விலக்கு கிடைக்கும். 'செல்லுபடியாகும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கனடாவில் தங்கும் காலத்தை நீட்டித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியான பிறகு திரும்புகிறவர்களுக்கு இந்த வழி சிக்கலாகலாம். டிக்கெட் எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

டெல்லி வழியில் வேறு நாட்டில் இறங்க வேண்டியதில்லை, அது நிம்மதி. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் டெல்லி விமானங்கள் தாமதமாவது வருடா வருடம் நடப்பது. அந்த மாதங்களில் நான் தவிர்ப்பேன்.

வயதானவர்களுக்கு என்றால் என் ஓட்டு, மூன்று முதல் ஐந்து மணி நேர இடைவெளி உள்ள ஐரோப்பா வழிக்கு. தனியாகப் போகும், ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு என்றால் துபாய்.

மதுரையிலிருந்தே கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் நேரடி விமானங்கள் ஓடியிருக்கின்றன. இவை கால அட்டவணை மாறும்போது கூடும், குறையும். அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறுகிறது, அதை ஒட்டித்தான் பெரும்பாலான மாற்றங்கள் வரும். திருச்சியையும் விட்டுவிடாதீர்கள். காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம், வெளிநாட்டு விமானங்கள் மதுரையைவிட அதிகம்.

4. ஒரே டிக்கெட்டா, துண்டு டிக்கெட்டா?

இதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–டொராண்டோ இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகும். ஏஜென்ட்டும் அதைத்தான் முதலில் நீட்டுவார். மதுரை விமானம் தாமதமாகி சென்னையில் பெரிய விமானத்தைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள்மேல் எந்தக் கடமையும் இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. டிக்கெட் பணம் பெரும்பாலும் போனதுதான்.

ஒரே பிஎன்ஆர் எண்ணில் (முன்பதிவு எண்) மதுரையிலிருந்து டொராண்டோ வரை இருந்தால், இடையில் எது தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் மதுரையில் போட்டால் டொராண்டோவில் எடுக்கலாம். பெட்டிச் சீட்டில் கடைசி ஊரின் குறியீடு ஒய்-ஒய்-இசட் என்று இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள். எம்-ஏ-ஏ என்று இருந்தால் சென்னையில் எடுத்து மறுபடி போட வேண்டும்.

எங்கள் வீட்டுப் பயணத்தில், கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது உள்நாட்டு விமானத்தின் நேரத்தை மாற்றி ஒரு மின்னஞ்சல் வந்தது. புது நேரப்படி சென்னையில் இறங்கும்போது அடுத்த விமானத்தின் கவுன்ட்டர் மூடியிருக்கும். ஒரே பிஎன்ஆர் என்பதால் போன் போட்டு முந்தைய விமானத்துக்கு மாற்ற முடிந்தது, கட்டணம் இல்லாமல். ஆனால் ஏஜென்ட் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தால் அந்தச் செய்தி நமக்கு வந்தே இருக்காது. உங்கள் மின்னஞ்சலும் போன் எண்ணும்தான் பதிவாகியிருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

துண்டு டிக்கெட்தான் எடுக்கிறீர்கள் என்றால் முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். இன்னொன்று: வெளிநாட்டில் துண்டு டிக்கெட் எடுத்தால், நடு ஊரில் பெட்டியை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசா தேவை. சென்னை–துபாய் தனியாக, துபாய்–டொராண்டோ தனியாக எடுப்பது மலிவு போலத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

கனடாவுக்குப் போகும் வரும் விமானங்களுக்கு அந்நாட்டுப் பயணிகள் பாதுகாப்பு விதி பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள, பாதுகாப்பு சம்பந்தப்படாத காரணத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், பெரிய நிறுவனங்கள் 400 முதல் 1,000 கனடிய டாலர் வரை இழப்பீடு தர வேண்டும். இதற்கும் ஒரே டிக்கெட்டாக இருப்பது நல்லது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

5. ஆவணங்கள்: எந்த வரிசையில்?

முதலில் பாஸ்போர்ட். கனடா விசா அதிகபட்சம் 10 ஆண்டு வரைதான், அதுவும் பாஸ்போர்ட் காலத்தைத் தாண்டாது. பாஸ்போர்ட்டில் ஒன்றரை வருடம்தான் மிச்சம் என்றால் புதுப்பித்துவிட்டு விசாவுக்குப் போங்கள். மதுரையில் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

அப்புறம் விசா. சாதாரணப் பார்வையாளர் விசாவுக்கு 100 கனடிய டாலர், கைரேகை, புகைப்படத்துக்கு 85. விண்ணப்பம் ஆன்லைனில், கைரேகைக்கு நேரில் போக வேண்டும். சென்னையில் மையம் உண்டு. ஒருமுறை கொடுத்த கைரேகை 10 ஆண்டு செல்லும். சாதாரண விசாவில் ஒரு தடவைக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். பெற்றோருக்கு சூப்பர் விசா என்று ஒன்று உண்டு, ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை. அதற்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் அளவுக்கு ஒரு வருட மருத்துவக் காப்பீடு, கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் உடல் பரிசோதனை, அங்கிருக்கும் பிள்ளையின் வருமானச் சான்று எல்லாம் வேண்டும்.

உறவை நிரூபிக்கப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பழைய சான்றிதழ்கள் தமிழில் மட்டும் இருக்கும், ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

விசா வருவதற்கு முன் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். விலை ஏறிவிடும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவார். ஏறட்டும்.

6. பெயர்

நம் ஊர் ஆட்களுக்கென்றே இருக்கும் தலைவலி இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவும், சொந்தப் பெயர் மட்டும் இன்னொரு கட்டத்திலும் இருக்கும். அல்லது இனிஷியலை விரித்து அப்பா பெயர் முன்னால் ஏறியிருக்கும். டிக்கெட் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகரவே விடாது. ஒற்றைப் பெயருக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது, சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். பதிவு செய்யும் முன் அவர்களிடமே கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் எழுத்து ஒன்றுபோல் இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்தக்கூடப் பணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது; பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் விடலாம் என்று சில நாளிலேயே தளர்த்தியது. துபாயில் இரண்டு நாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க.

7. செலவு, எப்போது எடுப்பது

போக வர டிக்கெட் சீசனில் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். கனடாவில் பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்டும், டிசம்பர் நடுப்பகுதியும்தான் சீசன். பிப்ரவரி, அக்டோபர் கொஞ்சம் இறங்கும். மூன்று நான்கு மாதம் முன்னால் பார்க்கத் தொடங்குங்கள். வாரநாள் ஒன்றையும் சனிக்கிழமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் தெரியும்.

விலையை ஒப்பிடும்போது பெட்டிக் கணக்கையும் இருக்கைக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். காப்பீடு தனி. 65 வயதுக்கு மேல், சுகர், பிரஷர் என்றால் காப்பீடு டிக்கெட்டையே எட்டிப் பிடிக்கும். நோயை மறைத்து மலிவாக எடுத்தால், தேவைப்படும் நேரத்தில் பணம் வராது.

8. பெட்டி

கனடா வழிகளில் பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. ஆனால் சில மலிவு டிக்கெட்டில் ஒன்றுதான். உள்நாட்டு டிக்கெட் தனியாக இருந்தால் அதில் பொதுவாக 15 கிலோதான், மிச்ச 31 கிலோவுக்கும் மதுரையிலேயே பணம் கட்ட வேண்டும். துண்டு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணம் இங்கே போய்விடும்.

ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டியில். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். கொப்பரைத் தேங்காய் பெட்டிக்குள் கூடாது, தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கைப்பையில். கொண்டுபோகும் உணவுப் பொருள், செடி, விதை எதுவானாலும் கனடாவில் இறங்கும்போது அறிவிக்க வேண்டும். மல்லிகைப்பூப் பந்து ஆசைக்கு வைத்தாலும் அறிவிப்பில் சேரும். அறிவித்தால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

9. சென்னை வரை ரயிலில் போகலாமா?

தாராளமாக. பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் ஏறினால் காலையில் தாம்பரம். அங்கிருந்து புறநகர் ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். பெரிய பெட்டிகளோடு என்றால் தாம்பரத்திலிருந்து கார் பிடியுங்கள். விமானம் இரவு என்றால் இது பதற்றமில்லாத வழி. மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் என்றால் கிளாம்பாக்கத்திலேயே இறங்கிவிடலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வானிலையைப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள்.

10. கிளம்பும் நாள்

வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னால் உறுதி செய்யுங்கள். நடக்க முடிந்தவர்கள்கூட "எனக்கெதுக்கு" என்பார்கள். பெரிய விமான நிலையங்களில் ஒரு கேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கோயிலை நான்கு சுற்று சுற்றுவது போல. மறுக்க விடாதீர்கள்.

ஒரு தாளில் பிள்ளையின் முகவரி, போன் எண், எதற்காக வருகிறோம், எத்தனை நாள், திரும்பும் தேதி எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, அழைப்புக் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். டொராண்டோவில் அதிகாரி கேட்பது இதைத்தான்.

11. திரும்பும் தேதி

போகும்போது மிச்சமான மணி நேரமெல்லாம் வரும்போது கழிந்துவிடும். டொராண்டோவில் வெள்ளி இரவு 9 மணிக்கு ஏறினால், அப்போதே மதுரையில் சனிக்கிழமை காலை. 24 மணி நேரப் பயணம் என்றாலும் வந்து சேருவது ஞாயிறு காலை. சென்னையிலிருந்து ரயிலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் சனிக்கிழமைக்குப் போட்டுவிட்டு, அம்மா அப்பா நடுவானில் இருக்கும்போது ரத்து செய்ய ஓடுகிறார்கள். ஞாயிறு இரவுக்கே போடுங்கள்.